என் கைக்குட்டைக்கு எதிராக ஒரு சட்டம்

என் அன்பு சொர்ணத்துக்கு,

நீ கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது. கான்வென்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பிறகு உன் அண்ணனுக்கே என்னைக் கட்டிவைத்து, அதற்கும் பிறகு திருச்சுழிப் பக்கத்துப் பள்ளியில் என்னோடு முப்பது வருடம் வேலையும் பார்த்தவள் நீ. இந்தச் சமாச்சாரத்தை வேறு யாரிடம் சொல்வேன்? உன் அண்ணன் இருந்திருந்தால் தெருவுக்கே கேட்கும்படி சிரித்திருப்பார்.

நான் மறுபடியும் அதே பள்ளிக்குப் போகிறேன். ஏழாம் வகுப்பு டீச்சர் பிரசவ விடுப்பில் இருக்கிறாள். இப்போதைய தலைமையாசிரியர் நம்மிடம் படித்த மணிமாறன்தான். "பெரிய டீச்சர், நீங்க வந்தாத்தான் கிளாஸ் அடங்கும்" என்றான். அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதால் ஒப்புக்கொண்டேன்.

போவதற்கு முந்தின வாரம் கடலை மிட்டாயைக் கடித்ததில் முன்பல் இரண்டு போய்விட்டன. கழற்றி மாட்டும் பல் எனக்கு வேண்டாம், நிரந்தரமாகக் கட்டுங்கள் என்று பல் டாக்டரிடம் அடம்பிடித்தேன். ஈறு ஆற இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றார். அதுவரை ஓட்டை வாயோடு பிள்ளைகள் முன் நிற்பேனா? கைக்குட்டையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டே பாடம் நடத்தினேன். கேட்டவர்களிடம் கரிசல் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். வாயை மறைத்துப் பேசுவது நல்ல பழக்கம் என்று கன்னியாஸ்திரீகள் நமக்குச் சொன்னதையும் வகுப்பில் எடுத்துவிட்டேன்.

இரண்டே வாரத்தில் பெண்பிள்ளைகள் எல்லாரும் கைக்குட்டையோடு வந்தார்கள். அப்புறம் பையன்களும். கேள்வி கேட்டாலும் பதில் சொன்னாலும் வாயைப் பொத்திக்கொண்டுதான். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? மணிமாறனைக் கூப்பிட்டுவந்து காட்டினேன்.

நிலோஃபர் மட்டும் கைக்குட்டை கொண்டுவரவில்லை. முதல் பெஞ்சில் உட்கார்ந்து வைத்த கண் வாங்காமல் என் முகத்தையே பார்ப்பாள். பெரியவர்களை அப்படி முறைக்கக் கூடாது என்று இரண்டு முறை கண்டித்தேன். அவள் காதில் மெஷின் மாட்டியிருப்பது எனக்குத் தெரியும். கண்ணாடி போட்டால் எனக்குக் கண் தெரிகிறதே, அதுபோல மெஷின் வைத்தால் காது கேட்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அரைப் பரீட்சையில் அவள் தேறவில்லை. அதற்கு முன் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. அவள் அம்மா ஜீனத் வந்தாள். கணவர் சவூதியில் இருக்கிறார்.

"டீச்சர், அந்த மெஷினுல அவளுக்கு இரைச்சல்தான் கேக்கும். வாயப் பாத்துத்தான் படிக்கிறா. நீங்க வாய மூடிட்டீக, உங்களப் பாத்துப் பிள்ளைகளும் மூடிருச்சுக. டிசிய குடுத்துருங்க. மதுரை ஹாஸ்டல்ல கொண்டு போய்ச் சேத்துர்றோம். அழுதுக்கிட்டுத்தான் கெடக்கா, என்ன செய்ய?"

காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளுக்காக வாரம் ஒரு நாள் வருகிற சிறப்பாசிரியை அன்று அங்கே இருந்தாள். சின்னப் பெண். "மேடம், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கு. பிள்ளைக்கு ஏத்த மாதிரி நாமதான் வகுப்ப மாத்தணும்" என்றாள்.

"என் தூசிக்கு உங்கள் சட்டத்தில் இடம் இல்லையோ?"

"தூசின்னா டாக்டர் சீட்டு குடுங்க மேடம்."

ஜீனத்திடம் இரண்டு நாள் அவகாசம் கேட்டுவிட்டு, சிறப்பாசிரியையிடம் சட்டத்தின் நகலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எதையும் படித்துப் பார்க்காமல் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். இரண்டு முறை படித்தேன். பிள்ளைக்குத் தேவையான வசதியைப் பள்ளி செய்துதர வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. டீச்சரின் முன்பற்களுக்கு எந்த விதிவிலக்கும் இல்லை.

படிக்கும்போது வேறொரு பிள்ளை நினைவுக்கு வந்தான், சொர்ணம். பரளச்சியிலிருந்து ஒருவர் காது கேளாத மகனைக் கூட்டிவந்தார். "இங்க சரிப்படாதுங்க" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பியது நீயும் நானும்தான். நம்மைத் தட்டிக் கேட்க அப்போது இந்தச் சட்டம் இல்லை. நமக்குத் தானாகவும் தோன்றவில்லை. அவன் வேறு எங்காவது படித்தானா?

மறுநாள் வகுப்புக்குள் நுழைந்ததும் கைக்குட்டையைப் பைக்குள் போட்டேன். "எல்லாரும் கைக்குட்டைய உள்ள வைங்க" என்றேன். பாதி வார்த்தை, பாதி காற்று.

கடைசி பெஞ்சில் ஒருவன், "ஏலே, டீச்சருக்குப் பல்லக் காணோம்லே" என்றான்.

"ஆமா. கடலை மிட்டாய். வேற கேள்வி இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன்.

பாடம் பாதி போயிருக்கும். நிலோஃபர் எழுந்து நின்று, அவளுடைய இழுத்த குரலில் சொன்னாள்: "டீச்சர், எல்லார் வாயவிட ஒங்க வாயி நல்லாருக்கு. அந்த ஓட்டைல நாக்குத் தெரியுது. என்ன சொல்றீங்கன்னு சட்டுனு தெரியுது."

வகுப்பே சிரித்தது. என் அழகை உன் அண்ணன்கூட இத்தனை பேர் முன்னால் புகழ்ந்ததில்லை.

அதற்கடுத்த நாள் டிசி வாங்க வந்த ஜீனத்தை ஜன்னலோரம் நிற்கவைத்து ஒரு பாடம் முழுக்க நடத்தினேன். மகள் மூன்று கேள்விக்குக் கை தூக்கியதைப் பார்த்தாள். "சரி டீச்சர், முழுப் பரீட்சை வரைக்கும் இங்கனயே இருக்கட்டும்" என்றாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, "நீங்க பல்லு எப்பக் கட்டுறீக?" என்று கவலையோடு கேட்டாள்.

என் பல் தயாராகிவிட்டது. டாக்டர் போன் மேல் போன் போடுகிறார். கட்டினால் பிறகு கழற்ற முடியாது. உன் பேத்தி கல்யாணமோ மாசியில். வீடியோக்காரன் வருவான், உன் சம்பந்தியம்மாள் பட்டுக் கட்டிக்கொண்டு என் வாயையே பார்ப்பாள்.

பார்க்கட்டும். நிலோஃபர் முழுப் பரீட்சையின் கடைசித் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வரும்வரை நான் பல் கட்டமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. சம்பந்தியம்மாள் கேட்டால், சட்டப்படி இப்படித்தான் இருக்க வேண்டியிருக்கிறது என்று வாயை நன்றாகத் திறந்தே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் பெஞ்சுக்காரியும் உன் மதினியுமான
ராஜேஸ்வரி