இடது கைக்கு ஒரு உறை

என் வாயாடி மகளுக்கு அப்பா ஆசையோடு எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இங்கே நல்ல சுகம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஒரே நினைப்பு. சுகம் என்று இந்தத் தடவை வழக்கத்துக்கு எழுதவில்லை, நெஞ்சு நிமிர்த்தி எழுதுகிறேன். அம்மா போனில் ஏதோ சின்ன விஷயம் என்று மழுப்பிவிட்டாளாமே? சின்ன விஷயமா அது! முழுக்கதையையும் நான் சொல்கிறேன் கேள்.

போன மாதம் நீ அழுதுகொண்டே பேசினாய், வேலை முடிந்து பஸ் ஸ்டாப்பிலிருந்து அறைக்குப் போகும்போது ஒருவன் பின்னாலேயே வருகிறான், பேசாமல் வேலையை விட்டுவிடவா என்று. நான் யோசிக்காமல் உடனே கிளம்பி வா என்றேன். போனை வைத்ததும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள், எவனோ ஒருத்தனுக்காக அவ ஏன் ஆசப்பட்ட வேலைய விடணும், அவ கையில எதையாவது குடுக்க வழியப் பாருங்க என்று. அப்படித்தான் கண்ணில் அடித்தால் எரியும் பெப்பர் ஸ்பிரே குப்பி ஒன்று வாங்கி உனக்கு அனுப்பப் போனேன். இது விமானத்துல ஏறாது சார் என்று கூரியர்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீணாவானேன், அம்மாவும் தனியாகத்தானே வேலையிலிருந்து நடந்து வருகிறாள் என்று அவளிடமே கொடுத்தேன். தையல்காரன் சும்மா கொடுப்பானா, ஒரு உறையும் தைத்தேன். உள்ளே பஞ்சு, மேலே ஜிப், ஜிப்புக்கு மேல் ஒரு மடிப்பு, மடிப்புக்கு ஒரு ஹூக், பார்க்கக் கண்ணைப் பறிக்கும். கடையிலேயே ஒத்திகை வைத்தோம், நான்தான் திருடன். வெட்டும் மேசைக்குப் பின்னாலிருந்து பாய்ந்தேன். அம்மா ஹூக்கைக் கழற்றி, மடிப்பைத் தூக்கி, ஜிப்பை இழுக்க அது துணியைக் கவ்விக்கொண்டது. நான் பையைப் பிடுங்கிக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவந்து உட்கார்ந்து தண்ணீரும் குடித்தாயிற்று, அவள் இன்னும் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். இது உறையா, இல்ல குப்பிக்கு ஜெயிலா என்று கேட்டாளே பார்க்கலாம்! என் தொழிலைச் சொன்னால் எனக்குச் சுருக்கென்று வரும், உனக்குத் தெரியும். சரி, குப்பியாவது வேலை செய்கிறதா பார்ப்போம் என்று ஜன்னல் பக்கமாக ஒரு அமுக்கு அமுக்கினேன். தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் ஓடுவதை மறந்தே போனேன். அப்புறம் கேட்க வேண்டுமா? பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கும் அக்கா இருமிக்கொண்டே தெருவுக்கு ஓட, அளவு கொடுக்க வந்த வாத்தியார் கழுத்தில் என் இஞ்ச் டேப்போடு அக்கா பின்னால் ஓட, நான் கண்ணைக் கசக்கி எரிச்சலை இரண்டு மடங்காக்கிக்கொண்டேன். அம்மா என் முகத்தில் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது, காற்றுப் பார்க்காமல் அடிக்கக் கூடாது, சட்டென்று கைக்கு வராத பொருள் இருந்தும் இல்லாததுதான். உறையைப் பிரித்துப் போட்டேன். அம்மாவின் தோள்பை வாரிலேயே, கை தானாகப் போய் விழும் இடத்தில், திறந்த வாயும் ஒரு எலாஸ்டிக்கும் மட்டும் வைத்துப் புதிதாகத் தைத்தேன். அதன் பிறகு அம்மாவுக்கு அதுவே விளையாட்டு, நான் அசந்திருக்கும் நேரம் பார்த்து உருவுவாள், நான் கையைத் தூக்கிவிடுவேன்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மா தான் வேலை பார்க்கும் பல் டாக்டர் கிளினிக்கைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வழக்கம்போல் தண்ணீர்த் தொட்டிச் சந்து வழியாக வந்திருக்கிறாள். ஒருவன் குறுக்கே வந்து அவள் இடது கையை இறுக்கிப் பிடித்து, கத்தினா நடக்கறதே வேற என்றானாம். அவன் சொல்லி வாயை மூடவில்லை, இவள் வலது கையால் உருவி முகத்துக்கு நேராக ஒரே அடி! கையை உதறிக்கொண்டு திரும்பிக்கூடப் பார்க்காமல் மருந்துக்கடை வரை ஓட்டம். மருந்துக்கடைக்காரர் போலீசைக் கூப்பிட்டார். அவன் தெருக்குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தானாம், அங்கேயே வைத்து அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தப் பதற்றத்தில் காற்று எந்தப் பக்கம் என்று எப்படிப் பார்த்தாய் என்று அம்மாவைக் கேட்டால், மாடியில காயற துணியெல்லாம் அவன் பக்கமாப் பறந்துச்சு, அதான் அடிச்சேன் என்கிறாள். தையல்காரன் பெண்டாட்டியடி அவள்! வீட்டுக்கு வந்த பிறகுதான் அவன் பிடித்த இடத்தில் கை சிவந்திருப்பதைக் காட்டினாள். அந்தக் கையை நான் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தேன், எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அதனால் மகளே, கிளம்பி வா என்று அன்றைக்குச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், அது நான் பேசவில்லை, என் பயம் பேசியது. அந்த ஊர்ச் சட்டத்தில் இதை வைத்துக்கொள்ளலாமா என்று முதலில் விசாரி, சரி என்றால் குப்பியை அங்கேயே வாங்கு. பின்னால் வருகிறவனைப் பற்றிப் போலீசில் சொல்லாமல் விடாதே, உன்னோடு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் தோழியோடு சேர்ந்தே நட. விளையாட்டுக்கு யார் மேலும் அடித்துவிடாதே, அடுப்புப் பக்கம் வைக்காதே, அடிக்க நேர்ந்தால் அடித்த கையோடு ஓடு, நின்று வேடிக்கை பார்க்காதே. இத்துடன் உனக்கும் ஒரு உறை வைத்திருக்கிறேன். அம்மாவுடையதைப் பார்த்து வெட்டித் தைத்து முடித்த பிறகுதான் நீ இடது கைக்காரி என்பது மண்டையில் ஏறியது, முழுவதையும் பிரித்து மறுபடி தைத்தேன். மாட்டிப் பார், கை தானாகப் போகும்.

நீ நீடூழி நன்றாயிருப்பாய், எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உன் கூடவே நடக்கும். தினமும் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டதும் ஒரு மெசேஜ் போட மறக்காதே. எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வா, எங்களைப் பார்க்க ஆசைப்பட்டு வா. பயந்து மட்டும் வராதே.

இப்படிக்கு,
ஒத்திகையில் தினமும் தோற்கும் திருடன்,
உன் அப்பா.