அரிசி டிரம்முக்குள் இருந்த மாத்திரை

என் மருமகளுக்கு,

நீ போனை எடுப்பதில்லை, எடுக்காததும் சரிதான். அதனால் எழுதுகிறேன். எனக்கு பிரஷர் நூற்று முப்பதுக்கு இறங்கிவிட்டது! நேற்று முருகன் கோயில் படி முழுக்க ஏறினேன்.

மூன்று தடவை மாத்திரையைக் கூட்டியும் நூற்றெண்பதிலேயே நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? போன மாதம் டாக்டர், "வேற எதுனா மாத்திரை சாப்புடுறீங்களாம்மா?" என்றார். எப்போதும் இல்லையென்று சொல்கிற வாய். போதாததற்கு உன் புருஷனும் பக்கத்திலேயே நின்றான். ஆனாலும் அன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

"ஆங், சாப்புடுறேங்க. வலிப்புக்கு. முப்பது வருசமா."

"அதாம்மா பிரஷர் மாத்திரைய வேலை செய்யவே வுடல," என்று டாக்டர் வலிப்புக்கு வேறு மாத்திரை எழுதித் தந்தார்.

பஸ்ஸில் உன் புருஷன், "வலிப்புக்காரின்னு அவள அம்மா வூட்டுக்கு அனுப்பும்போது ஏம்மா சொல்லல?" என்றான்.

உன் பையிலிருந்து அந்த மாத்திரை அட்டை விழுந்தபோதே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. என் அரிசி டிரம்முக்குள் நான் ஒளித்து வைத்திருந்ததும் அதேதான்.

ஞாயிற்றுக்கிழமை கே.ஜி.கண்டிகைக்கு வருகிறேன். உன் அம்மா வீட்டு வாசலிலேயே நின்று, எனக்கும் வலிப்புதான் என்று தெரு கேட்கச் சொல்லப்போகிறேன்.

என் மாத்திரை இப்போது கூடத்தில், டி.வி. பக்கத்தில் இருக்கிறது. உன்னுடையதற்கும் இடம் விட்டிருக்கிறேன்.

உன் அத்தை