பச்சை பட்டன்

மார்ச் 4, செவ்வாய்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். ஆராய்ச்சிக்கு வாங்கிய மூன்று டிரான்சிஸ்டர்களில் இரண்டு கருகிவிட்டன, மிச்சம் ஒன்று. என் வழிகாட்டி இம்மானுவேல் சார் மே மாதம் ஓய்வு பெறுகிறார். அதற்குள் இதை அளந்து முடிக்காவிட்டால் என் ஆராய்ச்சி வேறொருவர் கைக்குப் போகும், முதலிலிருந்து. அத்தா இன்றும் கேட்டார்: "இன்னும் எம்புட்டு நாளும்மா?" எனக்கென்ன தெரியும்.

மார்ச் 6, வியாழன்

டிரான்சிஸ்டரை அளக்கும் மிஷின், அந்த நெட்வொர்க் அனலைசரைத் தயார் செய்யவே பொழுது போய்விட்டது. கேபிள் ஒரு விரற்கடை அசைந்தால் மறுபடி முதலிலிருந்து. ஜூனியர் ஆல்வின் உதவ வந்தான். தள்ளி நிற்பதுதான் உதவி என்றேன். "மூச்சாவது விடலாமாக்கா?"

சார் எட்டிப் பார்த்துத் தன் வழக்கமான பாடத்தைச் சொன்னார்: "மிஷின்ல கைய வச்சா மொதல்ல பச்சை பட்டன். அடுத்தவன் எச்சி எலையில உக்காரக் கூடாது." அதை அமுக்கினால் முந்தைய ஆள் திரையில் விட்டுப்போனதெல்லாம் அழிந்துவிடும். இந்த லேபில் எல்லாருக்கும் மனப்பாடம்.

மார்ச் 7, வெள்ளி

வந்தது. டிரான்சிஸ்டர் எந்த அலைவரிசையில் எவ்வளவு பெருக்குகிறது என்று காட்டும் கோடு, நான் கணக்குப் போட்ட இடத்திலேயே. ஒரே ஓட்டத்தில் அளந்து முடித்து, திரையில் அப்படியே நின்றது.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. மிஷினும் மற்றதெல்லாமும் யுபிஎஸ்ஸில் ஓடின; டிரான்சிஸ்டரை அடக்கி வைக்கும் சப்ளை மட்டும் சுவர் பிளக்கில். அதில் இடமில்லை என்று நான்தான் சுவரில் சொருகினேன். அது அணைந்ததும் மடை திறந்த மாதிரி மின்சாரம் பாய்ந்து, கடைசி டிரான்சிஸ்டரும் கருகிய வாடை.

கோடு இருக்கிறதே, சேமித்தால் போதும் — பென் டிரைவ் எடுக்கப் பைப் பக்கம் திரும்பினேன். வாடை பிடித்து சார் ஓடிவந்தார். "பதறாதம்மா, என்னன்னு பாப்போம்." உட்காரும்போதே விரல் பச்சை பட்டனில்.

போச்சு. எல்லாம் போச்சு. அவருக்குத் தெரியவே இல்ல. நான் ஏன் கத்தல? ஆல்வின் பாத்துட்டுத்தான் நின்னான். அவனும் கத்தல.

மார்ச் 8, சனி

போகவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

சாரிடம் தனியாகச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் வாரப்போ கோடு இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "நீ ஒடனே சேவ் பண்ணிருக்கணும்லா."

வாஸ்தவம். அதனால்தான் கூடுதலாக எரிகிறது.

மார்ச் 20, வியாழன்

ஆய்வுக் குழு. "அளந்ததெல்லாம் எங்கே?" என்றார்கள். சார் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்வார் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு நானே சொன்னேன், கரண்ட் போய்விட்டது என்று. ஏன் உடனே சேமிக்கவில்லை? மறந்துவிட்டேன் என்றேன்.

கால நீட்டிப்பு. புது வழிகாட்டி. டிரான்சிஸ்டர் வந்தால் மறுபடி.

வெளியே வந்ததும் ஆல்வின், "நீங்க ஏன்க்கா உண்மையச் சொல்லல?" நீ ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை.

மே 30, வெள்ளி

சாருக்கு வழியனுப்பு விழா. மாலை, சால்வை, ஆளாளுக்குப் பேச்சு. கடைசியில் ஒரு ஜூனியர் மைக்கில் கேட்டான்: "சார் நமக்குச் சொல்லித் தந்தது என்ன?" ஹாலே சிரித்துக்கொண்டு ஒரே குரலில் சொன்னது, "மொதல்ல பச்சை பட்டன்." பழக்கத்தில் என் வாயும் சொல்லிவிட்டது.

மைக்கை சாரிடம் நீட்டினார்கள். அவர் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். பிறகு அதை வாங்காமலே உட்கார்ந்துவிட்டார்.