மூன்று மாத நெல்

ஒக்டோபர் 4, புதன்

காலையிலிருந்து மழை. வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் ஒரே இருட்டு. பல்கனியில் என் சட்டையும் அத்தானின் சாரமும் சொட்டிக்கொண்டே. பிள்ளைப்பேற்றுக்கென்று அக்கா அத்தான் வீட்டுக்கு வந்ததிலிருந்து இந்தத் துணிக் கவலைதான்.

பின்னேரம் கொமினிகேஷன் கடைத் தொலைபேசியில் இவருடைய அழைப்பு. வவுனியாவில் வயல் உழுதாயிற்றாம். போன வருடம் கதிரோடு வெள்ளம் கொண்டுபோனதை மனிதர் இன்னும் மறக்கவில்லை.

"இஞ்சத்தைக் கந்தோரில ஆளில்லை. பயிர் அழிஞ்சா நட்டம் தாற காப்புறுதி தருவினமோ எண்டு அங்க பெரிய கந்தோரில ஒருக்காக் கேட்டுச் சொல்லும். தந்தா விதைப்பன். இல்லாட்டி வயலைக் குத்தகைக்கு விட்டிட்டு அங்க வாறன்."

பிறகு, "டொக்டர் என்ன திகதி சொன்னவ?" இரண்டு தரம் கேட்டார். தை கடைசி என்று போன கிழமையும் சொன்னேன். நெல்லின் வயது தெரியும், பிள்ளையின் திகதி மட்டும் மண்டையில் நிற்காது!

விதைத்தால் நாலரை மாதம். அறுவடை மாசி முடிய. பிள்ளை பிறக்கும்போது இவர் வயலில். பிள்ளையாரே, காப்புறுதி இல்லையென்று சொல்லவேண்டும்.

ஒக்டோபர் 5, வியாழன்

காப்புறுதிக் கந்தோருக்குப் போனேன். மழை விட்டும் விடாமலும். பஸ்ஸில் ஒரு சிங்கள அம்மா எழும்பி இடம் தந்தார். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு எல்லாம் பையில். வாசலில் காவலுக்கு நின்ற ஆமிக்காரர் பையைக் கொட்டினார்கள். ஊறுகாய்ப் போத்தலைத் திறந்து மணந்தும் பார்த்தார்கள்.

உள்ளே ஒரு ஐயா, கண்ணாடி மூக்கு நுனியில். என் சிங்களம் நொண்டி, அவருடைய தமிழ் அதைவிட. வெள்ளம், வறட்சி, பூச்சி, காட்டு யானை, எல்லாத்துக்கும் உண்டாம். "குடுக்கிறது நோனா, குடுக்கிறது." காசு இங்கேயே கட்டலாமாம். சண்டையில் பயிர் அழிந்தால்? கையை விரித்தார். பிறகு என் வயிற்றைக் கண்டு கதிரையை இழுத்துப் போட்டார். அவரோடு கோபிக்கவும் முடியவில்லை.

அக்கா: "இல்லையாம் எண்டு சொல்லிவிடன். ஆர் போய்ப் பாக்கப் போகினம்?"

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் வயலைக் கொடுத்துவிட்டு இந்த இரண்டறை வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கும் இவரை நினைத்துப் பார்த்தேன். மனம் கேட்கவில்லை.

அக்காவின் மாங்காய்ச் சம்பல் சரியில்லை. மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

ஒக்டோபர் 7, சனி

வெயில். துணி காய்ந்தது, அப்பாடா. வாங்க: நுளம்புத்திரி, பருத்தித் துணி, அத்தானுக்கு பிளேட்.

இவர் அழைத்தார். உள்ளதைச் சொன்னேன்.

"யானைக்குமோ?"

"ஓம்."

"சண்டைக்கு?"

"இல்லையாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அப்ப நீங்கள் தைக்கு வரமாட்டியள்."

"விசரே உமக்கு? நான் போடப்போறது மூண்டு மாச நெல்லு."

காலபோகத்தில், இந்த மாரி விதைப்பில், அங்கே யாரும் அதைப் போடமாட்டார்கள். விளைச்சல் குறைவு. மழை விடமுதல் முற்றிவிடும், கதிர் நனைந்தால் எல்லாம் போச்சு.

"காப்புறுதி கிடைக்குமெண்டபடியாத்தான் துணியிறன். பொங்கலோட வெட்டிப்போட்டு ஆமியிட்டப் பாஸ் எடுத்துக்கொண்டு வந்திடுவன். அதுக்குத்தானே திகதி கேட்டனான்."

இந்த மனிதரைப் போய் மறதிக்காரர் என்று எழுதினேனே. தொலைபேசிக் கூண்டுக்கு வெளியே காத்திருந்த ஒருத்தி கண்ணாடியில் தட்டினாள்.

"இஞ்சேரும், நான் வருமட்டும் அவசரப்பட வேண்டாமெண்டு உள்ளுக்க இருக்கிற ஆளிட்டச் சொல்லும்."

அங்கேயே வயிற்றில் கைவைத்துச் சொன்னேன். வலப்பக்கம் ஒரு உதை.