வர்க்கிச் சேட்டன் பூசிய பெயின்ட்

ப்ரசீதாவுக்கு,

நீயும் அம்மாவும் சுகம்தானே? அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? எனக்கு இங்கே வண்டி ஒயரிங் கடையில் ஒரு குறையும் இல்லை, வர்க்கிச் சேட்டனைத் தவிர.

ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றும் ஜீப் அவருடையது. மூடுபனிக்கென்று இரண்டு விளக்கும் பெரிய ஹார்னும் மாட்டிக் கொடுத்தேன். எர்த் கம்பி வெறும் இரும்பைத் தொட்டால்தான் கரண்ட் ஒழுங்காக ஓடும் என்று, பாடியில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுத்தான் போல்ட்டை முடுக்கினேன். இரண்டே நாளில், ஹார்ன் அடித்தால் விளக்கு அணைகிறது என்று வந்து நின்றார். மூன்று முறை சுரண்டியாயிற்று, மூன்று முறையும் இதே கதை. நேற்று அவரோடு மலையிறங்கினேன். வளைவில் ஹார்ன் அடித்தார், விளக்கு போய்விட்டது. பயப்படாதே, ஜீப் ஓரக்கல்லுக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்டது.

அங்கேயே போல்ட்டைக் கழற்றினால், அடியில் புதுப் பெயின்ட்!

"துருப்பிடிக்காதாடா ஷாஜு? நீ பாட்டுக்குச் சுரண்டிட்டுப் போயிடுற. நான்தானே ஒவ்வொரு தடவையும் கழட்டி, பெயின்ட் பூசி, திரும்ப முடுக்குறேன்!" என்றார், நான் நன்றி சொல்லவில்லையே என்ற வருத்தத்தோடு.

முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் மட்டும் தடவச் சொல்லி, கையெடுத்துக் கும்பிட்டேன்.

வாசலில் அவர் ஹார்ன்தான் கேட்கிறது, முடிக்கிறேன். குளிர் அதிகம். கம்பளித் தொப்பியோடு உன் பழைய சேலை ஒன்றும் அனுப்பு. கை துடைக்க என்று கடையில் சொல்லிக்கொள்கிறேன். நீ கிழிக்காமல் அனுப்பு.

ஷாஜு