இறங்காத கொடி

கிரீன்விச்,
மார்ச் 1675.

அன்புள்ள அலைடா அக்காவுக்கு, தம்பி லீவன் வணக்கத்துடன் எழுதுவது.

நானும் என் மனைவி மைக்கனும் நலம். உன் நலத்தையும் பிள்ளைகள் நலத்தையும் கர்த்தர் காப்பாராக. இங்கே ஹெர்ரிங் மீன் கிடைக்கிறது, ஆனால் இவர்களுக்கு உப்புப் போடத் தெரியவில்லை. மைக்கன் தினமும் திட்டிக்கொண்டே தின்கிறாள்.

நம் ஹோர்ன் துறைமுகத்தில் என் பெயரைச் சொன்னால் துப்புகிறார்களாம். துப்பட்டும். பிரெஞ்சுப் படை நுழைந்த வருஷம் நம் ஊரில் படம் வாங்க ஆளில்லை. கடலையும் கரையையும் வரைவதைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது. பிழைக்க எதிரி நாட்டுக்கே வந்தேன், அதற்காகத் தலைகுனிய மாட்டேன்.

தார்ன்பரி பிரபு என்பவர் அந்த வருஷத்துக் கடற்சண்டையில் நம்மை எதிர்த்து ஆங்கிலக் கப்பல் ஒன்றை நடத்தியவர். தன் மாளிகைக்கு அந்தச் சண்டையை வரையச் சொன்னார். நடுவில் வூட்டர் அத்தான் இருந்த கப்பல். படம் முடியும் தறுவாயில் வந்து, கைத்தடியால் அந்தக் கப்பலின் பாய்மர உச்சியைக் காட்டினார்.

"உங்க கொடி ஏன் இன்னும் மேலேயே நிக்குது? இறக்கிப் போடு."

"அது இறங்கவே இல்லையே, ஐயா. நீங்களும்தான பாத்தீங்க?"

"எங்க ரொட்டியத் தின்னுட்டு எங்களையே எதிர்த்துப் பேசுறியா, டச்சுக்காரா?"

"ரொட்டிக்குப் படம் வரையறேன். பொய் வேணும்னா வேற ஆளப் பாருங்க."

மைக்கனுக்கு ஆங்கிலம் அரைகுறைதான். ஆனாலும் எழுந்துபோய்த் தெருக்கதவை அகலத் திறந்து, "வழி இந்தப் பக்கம்" என்றாள் நம் மொழியிலேயே. அவருக்கு நன்றாகவே புரிந்தது.

அதன்பின் எந்தப் பெரிய வீட்டிலும் என்னைக் கூப்பிடுவதில்லை. படகுத்துறை மதுக்கடைக்குப் பெயர்ப்பலகை வரைகிறேன். அதிலும் அலையை அலையாகத்தான் வரைகிறேன்.

அக்கா, அத்தானின் கப்பல் சரணடைந்தது என்று உன்னிடம் கூசாமல் சொல்கிறார்களாமே. சண்டையைப் படமாகக் குறித்துக்கொள்ள நான் அன்று சிறுபடகில் அருகிலேயே இருந்தேன். குண்டு பட்டுக் கொடிக்கயிறு அறுந்தது. ஒருவர் பாய்மரத்தில் ஏறி, தன் இடுப்புக் கச்சையை அவிழ்த்துக் கொடியைக் கட்டினார். அவர் தலையில் நீ பின்னிய சிவப்புத் தொப்பி இருந்தது. கீழே தீ பிடித்தது. அவர் இறங்கவில்லை. கொடியும் இறங்கவில்லை.

ஊரை விட்டுக் கிளம்புமுன் இதைச் சொல்லத்தான் உன் வீட்டுக்கு வந்தேன். ஓடிப்போகிறவனோடு பேச்சில்லை என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்பினாய். நீ சொன்னதில் தவறில்லை.

அந்தப் படத்தையே இந்தக் கடிதத்தோடு கப்பலில் அனுப்புகிறேன். தெருவில் போகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்டு. யார் வரைந்தது என்று கேட்டால் என் பெயரை உரக்கச் சொல். சொல்லப் பிடிக்காவிட்டால், அத்தான் பெயரையாவது உரக்கச் சொல்.

எனக்கு ஒரு வரி எழுது, அக்கா. திட்டியாவது எழுது.

உன் பிடிவாதக்காரத் தம்பி,
லீவன்