தலைச்சனுக்குப் பதிலாள்

தம்பி,

மே நான்காம் தேதி, சனிக்கிழமை, காலை மணி ஏழு பத்து. தோட்டத்து வீட்டு மேசைமேல் நான்கு பொட்டலம் மீ கோரெங் நூடுல்ஸ். அப்பா பகாவ் டவுனுக்குப் போய் வாங்கி வந்திருக்கிறார். கேட்காமல் அவர் வாங்கி வந்தால், எதையோ கேட்கப்போகிறார் என்று அர்த்தம். பொட்டலத்தைப் பிரித்ததும் மிளகாய் வாடையில் நீ நினைவுக்கு வந்துவிட்டாய்.

நாளை சபையில் என் மகனைக் கர்த்தர் முன் பிரதிஷ்டை செய்து ஆசீர்வாதம் வாங்குகிறோம். அப்பா கேட்டது இதுதான்: "இவன் தலைச்சன்லா. ஊழியத்துக்கு நேர்ந்து விட்டுருவோம்."

என்னையும் அப்படித்தான் நேர்ந்தார். முதற்பேறு கர்த்தருக்குச் சொந்தம், ஆகவே மூத்தவன் போதகராக வேண்டும். எனக்கோ ஒயரிங்தான் பிடித்தது. பொலிடெக்னிக்கில் இடம் கிடைத்த வாரம், மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து உன்னிடம் கத்திக்கொண்டிருந்தேன். நீ என் தட்டிலிருந்தே எடுத்துத் தின்றுகொண்டு சொன்னாய்: "ஒனக்கு வேணாம்னா எனக்குக் குடுண்ணே."

"வெளையாடாதடா."

"பைபிள்ல ஏசா கூழுக்குத் தலைச்சன் உரிமையக் குடுத்தான். நீ மீ கோரெங்குக்குக் குடு. இன்னிக்குக் காசு நான் கட்டுறேன்லா."

நான் சிரித்தேன், நீ சிரிக்கவில்லை. உனக்கு உண்மையிலேயே அந்த வேலை வேண்டியிருந்தது. இளையவன் என்பதால் உன்னை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ரப்பர் பால்மரத் தோட்டத்தில் ஆட்களுக்கு மர நிரை பிரித்துக்கொடுக்கும் மண்டோராக இருந்த அப்பா குதித்தார். "நேர்ந்தது மூத்தவன. அவன் நெரைய நீ எப்படிடா வெட்டுவ?"

"வேலைக்கு வராதவன் நெரையில நீங்க வேற ஆள விட்டதே இல்லியாப்பா? இஸ்ரவேல்ல இருந்த தலைச்சனுங்களுக்குப் பதிலா லேவி கோத்திரத்துக்காரங்கள ஊழியத்துக்கு எடுத்துக்கிட்டாரு. கர்த்தரே ஒத்துக்கிட்டாரு, மண்டோருக்கு என்னவாம்?"

அடுப்படியில் அம்மா சிரித்துவிட்டார். அன்றைக்கு அப்பா தோற்றார்.

வேதாகமக் கல்லூரியிலிருந்து நீ லீவுக்கு வந்தபோது சண்டைக்கு இழுத்தேன். வேதத்தில் மூத்தவனுக்கு மட்டும் சொத்தில் இரண்டு பங்கு, இது என்ன நியாயம்? நீ அசரவில்லை. "அப்பா, அம்மா, வீடு எல்லாம் அவன் தலையிலதான்லா. லோடு கூடுனா கேபிள் தடியா போட மாட்டியா?" பிறகு எகிப்தில் தலைச்சன்கள் எல்லாம் செத்த இரவைப் பற்றிச் சொன்னாய். "தலைச்சன்னா பெரிய ஆளு இல்லண்ணே, தப்பிச்சவன். இவனுக்குப் பதிலா ஆட்டுக்குட்டி செத்துச்சு, இவன் பொழச்சான். அதனாலதான் இவன் கர்த்தருக்குச் சொந்தம்." எனக்கு விளங்கிய ஒரே பிரசங்கம் அதுதான்.

போன வருடம் டெங்கியில் நீ போய்விட்டாய். ஊழியத்தில் இருந்தது ஆறு வருடம். நேர்ந்தது பாதியில் நிற்கிறது என்று அப்பாவுக்குப் பயம். வெளியே சொல்ல மாட்டார். இன்றைக்குத்தான் வாய்விட்டார். "தம்பி எடம் காலியா கெடக்குடா. ஆறு வருசந்தானே செஞ்சான்."

"அவனுக்கு இருந்ததே அவ்வளவுதான்லாப்பா. முழுசையும் குடுத்துட்டுத்தான் போனான்."

நான் நிறுத்தவில்லை. "பதிலுக்கு ஒருத்தன வாங்கிக்கிட்டு, கர்த்தரு மறுபடி தலைச்சனக் கேப்பாரா? தலைச்சன் மகனக் காசு குடுத்து மீட்டுக்கோன்னுதானே வேதத்துல சட்டம்?"

"நீ எப்படா வேதம் படிச்ச?"

"படிக்கல. அவன் சொன்னது."

அப்பா பொட்டலத்தை அப்படியே மூடிவைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

அன்றைக்கு நான் உன்னிடம் கொடுத்தது போதகர் வேலையை மட்டும்தான். மூத்தவனின் மிச்சப் பங்கு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதனால்:

1. நாளை ஆராதனைக்கு முன் போதகரிடம் சொல்வேன்: பிள்ளைக்கு ஆசீர்வாதம் மட்டும் போதும், நேர்ச்சை வேண்டாம்.

2. அப்பாவையும் அம்மாவையும் தெமியாங்கில் என் வீட்டுக்கு அழைத்துப்போவேன். அப்பா மாட்டேன் என்பார். அம்மாவை முதலில் காரில் ஏற்றிவிடுவேன்.

3. மகன் வளர்ந்து, தானாக ஊழியத்துக்குப் போகிறேன் என்றால் போகச் சொல்வேன். அவனுக்குப் பின்னால் ஒருவன் பிறந்தால், என்ன விருப்பம் என்று அவனையும் கேட்பேன்.